பதினோரு கேப்டன்கள்

உலகம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ கால்பந்து அணிகள் முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் ஆடத் தெரியாமல் இறங்கியவை. ஆடத் தெரியாமல் இறங்குவதில் என்ன பெருமை இருக்கிறது? அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். முழுத் திறமையோடு, முழுச் சம்பளத்தோடு, பத்திரிகைகளின் முழுப் பாராட்டோடு இறங்கிக் காட்டிய அணி எங்கள் அணி ஒன்றுதான். அந்த அணியின் மக்கள் தொடர்பு அலுவலர் என்ற முறையில் இந்த வரலாற்றை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது. வேறு யாரும் எழுத முன்வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

முதலில் அணியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் நடுக்கள வீரரை ‘மாயக்கால்’ என்பார்கள். அவர் காலில் பட்டால் பந்து மறைந்துவிடும். எங்கே போனது என்று சில சமயம் அவருக்கே தெரியாது. முன்கள வீரர் ‘சுருட்டை’. தலைமுடியை அரை மணி நேரம் சீவாமல் மைதானத்தில் கால் வைக்கமாட்டார். அவ்வளவு பாடுபட்டுச் சீவிய தலையால் பந்தை முட்டவும் மாட்டார். கோல்கீப்பருக்குப் பெயர் ‘சுவர்’. சுவரைப் போலவே நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார். மற்ற எட்டுப் பேரும் இவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. பருவம் தொடங்கும்போதே கோப்பை எங்களுக்குத்தான் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. சேர்மன் தன் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து வைத்தார். இன்றைக்கும் அதில் கோப்பைகள் இருக்கின்றன. டீ குடிக்கிற கோப்பைகள். எது இருந்தாலும் அலமாரி காலியாக இல்லை என்பது ஆறுதல்.

இப்படிப்பட்ட அணிக்கு யார் கேப்டன் என்ற கேள்வி வந்தது. சேர்மன் அறையில் கூட்டம் கூடியது. பயிற்சியாளர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரை ஆலோசனை கேட்பதற்காக அழைக்கவில்லை, நாற்காலி காலியாக இருந்ததால் அழைத்தோம்.

“நான் கேப்டனா இல்லாம சாதாரண ஆளா எப்படி சார் ஆடறது? எனக்கு அது பழக்கமே இல்ல” என்றார் மாயக்கால்.

“என் போஸ்டர்ல ஏற்கெனவே கேப்டன்னு அச்சடிச்சாச்சு. போஸ்டரைப் பொய்யாக்கச் சொல்றீங்களா?” என்றார் சுருட்டை.

“மொத்த மைதானமும் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நீங்கல்லாம் எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறவங்க” என்றார் சுவர்.

இடது பின்கள வீரர் ஒருவர் இருந்தார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காதவர். “எல்லாரும் கேக்கறாங்க. நானும் ஒரு வார்த்தை கேட்டு வெக்கறேன்” என்றார்.

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். “சார், ஒரு டீமுக்கு ஒரு கேப்டன்தான்…”

“ஒருத்தர் இருக்கணும்னுதானே இருக்கு? பதினோரு பேர் இருக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?” என்று கேட்டார் சேர்மன். பிறகு என் பக்கம் திரும்பினார். “நம்ம ஆபீஸையே எடுத்துக்கோ. மேனேஜர் எத்தனை பேர்?”

“பதினாலு சார்.”

“கிளார்க்?”

“ஒருத்தர் சார். லீவுல இருக்காரு.”

“ஆபீஸ் நடக்குதா இல்லையா?”

“அமோகமா நடக்குது சார்.”

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. பதினோரு பேருக்கும் கேப்டன் கைப்பட்டை வழங்கப்பட்டது. வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று வீரர்களுக்கு ‘எதிர்காலக் கேப்டன்’ என்ற பதவி உருவாக்கப்பட்டது. ‘கூட்டுத் தலைமை: கால்பந்தின் புதிய விடியல்’ என்று நான் அறிக்கை விட்டேன். என் அறிக்கைகளில் விடியல் இல்லாத அறிக்கை கிடையாது.

அந்தப் பட்டைகளைத் துவைக்கும் பொறுப்பு சலவை அறைக்குப் போனது. பார்வையாளர் படிகளுக்கு அடியில், வெந்நீர்க் குழாய்கள் ஓடுகிற, ஜன்னல் இல்லாத அறை அது. அங்கே வேலை செய்த மூன்று பெண்களில் ஒருத்தி என் சொந்த அக்கா. சின்ன வயதிலிருந்து என்னை வளர்த்தவள் அவள்தான். பழைய செயலாளரிடம் நடையாய் நடந்து, “தம்பி நல்லா எழுதுவான் சார்” என்று சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான். நான் அலுவலர் ஆன பிறகு, பணியிடத்தில் உறவு பாராட்டுவது முறையல்ல என்பதால் அவளை எதிரில் கண்டால் யாரோ போல நடந்துவிடுவேன். வீட்டில் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை. அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். சாப்பாடும் அவள் கையால்தான்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள். “டேய், நம்ம டீம் கீழ போயிடுமாடா?”

“என்னக்கா பேச்சு இது? யார் காதுலயாவது விழப் போகுது.”

“இல்லடா, கீழ போனா சலவை ரூமை மூடிடுவாங்களாம், துணியெல்லாம் வெளில குடுத்துடுவாங்களாம். கதவுல ஒட்டியிருக்காங்க. உங்க மாமா முதுகு ஒடிஞ்சு படுத்ததுலேர்ந்து என் சம்பளம்தானே ஓடுது. அதான் பயமா இருக்கு.”

“அக்கா, அது சும்மா ஒரு வழக்கத்துக்கு ஒட்டறது. நம்ம பசங்க திறமைக்கு இறங்கவே முடியாது. இறங்கணும்னு நெனச்சாக்கூட முடியாது.”

“திறமையெல்லாம் சரிடா. ஆனா ஜெர்சி எல்லாம் போன மடிப்புக் கலையாம திரும்பி வருது. சேறு இல்ல, புல்லுக் கறை இல்ல, வேர்வைகூட இல்ல. இப்படியே போனா மூணு பேர் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?”

அவள் கவலைப்பட்டுச் சொன்னாள். எனக்கோ அதில் ஒரு தலைப்புத் தெரிந்தது. மறுநாளே ‘சேறு படாத கால்பந்து: எங்கள் அணியின் தூய்மையான ஆட்டம்’ என்று அறிக்கை வெளியிட்டேன். சேர்மன் அதைப் படித்துப் பூரித்துப்போனார். பூரிப்போடு பூரிப்பாகச் சலவை அறையிலிருந்து ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார். ‘தூய்மை: இரண்டாம் கட்டம்’ என்று இன்னோர் அறிக்கை எழுதினேன். இன்னொருத்தியும் போனாள். பிறகு சலவை அறையில் அக்கா மட்டும் இருந்தாள்.

மைதானத்தில் கூட்டுத் தலைமை கொடிகட்டிப் பறந்தது. டாஸ் போட எங்கள் பக்கத்திலிருந்து பதினோரு பேர் போவார்கள். நடுவர் பூவா தலையா என்று கேட்டால் ஆறு பேர் பூ என்பார்கள், ஐந்து பேர் தலை என்பார்கள். இந்த ஜனநாயகத்தைப் பார்த்து நடுவர் கண் கலங்கியதை நானே கண்டேன். ஆட்டம் தொடங்கியதும், கேப்டன் என்றால் கட்டளையிட வேண்டும் அல்லவா, எல்லோரும் கட்டளையிடத் தொடங்குவார்கள். “மேல ஏறு!” “பின்னால வா!” “அவனைப் புடி!” “நீ புடி!” கேட்பதற்கு ஆள் இல்லாத ஒரே குறைதான். அதுவும் சின்னக் குறை என்பதால் நாங்கள் பெரிதுபடுத்தவில்லை.

எங்கள் அணி ஒருபோதும் தோற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முதல் சில ஆட்டங்களில் ‘முடிவு சாதகமாக அமையவில்லை’. அதன்பின் ‘வெற்றியைத் தள்ளிவைத்தோம்’. அதற்கும் பின் ‘வளரும் அணிகளுக்கு ஊக்கமளித்தோம்’. இப்படி ஊரில் உள்ள எல்லா அணிகளையும் வளர்த்துவிட்டோம். பட்டியலில் எங்களுக்குக் கீழே ஒரே ஓர் அணிதான் மிஞ்சியது.

ஒரு முறை, வாங்கிய கோல்களைப் பற்றிப் பயிற்சியாளர் உடை மாற்றும் அறையில் விசாரித்தார்.

“அந்த ஆளை யார் மார்க் பண்ணியிருக்கணும்?”

“நான் சொன்னேன் சார், இவன் போகல” என்றார் சுருட்டை.

“இவன் சொன்னான் சார். ஆனா இவன் யாரு எனக்குச் சொல்ல? இவன் கேப்டன்னா நான் மட்டும் யாராம்?” என்றார் இடது பின்கள வீரர். பதவி கிடைத்ததிலிருந்து அவர் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் சேர்மனிடம் ஓடினார். “சார், கூடுதலா ஒரு வேளை பிராக்டீஸ் வெச்சா என்ன?”

“வெளில தெரிஞ்சா பயந்துட்டோம்னு சொல்லுவாங்கய்யா. முகாம் ஒண்ணு வைப்போம்.”

தலைமைப் பண்பு முகாம் நடந்தது. டை கட்டிய ஒரு வல்லுநர் வந்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, “உங்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் கேப்டனைத் தட்டி எழுப்புங்கள்” என்றார். பயிற்சியாளர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். வல்லுநர் அதை உற்சாகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு கைதட்டினார்.

கடைசி ஆட்டம் வந்தது. பட்டியலில் கடைசி இரண்டு அணிகள் இறங்க வேண்டும். டிரா செய்து ஒரு புள்ளி வாங்கினால் போதும், ஓரிடம் மேலே ஏறி முதல் டிவிஷனில் இருந்துவிடலாம். எதிரில் ஆட வந்தது, எங்களுக்குக் கீழே இருந்த அந்த ஒரே அணி. அவர்கள் இறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஊருக்குப் போகப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டுக் கடமைக்கு வந்திருந்தார்கள். நான் மேல் மாடத்தில் வெற்றி அறிக்கையோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். கீழே, வீரர்கள் வெளியே வரும் வழியில், துண்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். சலவை அறையைவிட்டு ஆட்டம் பார்க்க வந்தது அன்றைக்குத்தான்.

ஆளுக்கு ஒரு கோல். முடிய இரண்டொரு நிமிடம்தான் இருந்தது. எதிரணி முன்கள வீரர் எங்கள் கோலை நோக்கி உதைக்கப் போய் வழுக்கி விழுந்தார். பந்து அவருடைய முழங்காலில் பட்டுக் கோலை நோக்கி உருண்டது. உருண்டது என்பதுகூட அதிகம். வேண்டாவெறுப்பாக நகர்ந்தது. எதிரணியினர் “போச்சு” என்று திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் கூட்டுத் தலைமையின் முழு மகிமையையும் உலகம் கண்டது. சுவர் கை நீட்டி இடது பின்கள வீரருக்குக் கட்டளையிட்டார். அவர் கை நீட்டி வலது பின்கள வீரருக்குக் கட்டளையிட்டார். அவர் மாயக்காலைக் காட்டினார். தூரத்திலிருந்த சுருட்டை பொதுவாக எல்லோரையும் காட்டினார். மாயக்கால் பந்தைக் காட்டினார். அவரொருவர்தான் சரியான இடத்தைக் காட்டினார் என்று சொல்ல வேண்டும்.

“யாராவது ஒருத்தர் அதை எடுங்கடா!” என்று ஒரு குரல் கேட்டது. அக்காவின் குரல். அதிகாரப்பூர்வமான குரல் அல்ல என்பதால் கேப்டன்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. பந்து கோட்டைத் தாண்டியது. வலை வரைக்கும் போகக்கூட அதற்குத் தெம்பு இல்லை, தாண்டியதும் நின்றுவிட்டது. அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு மாடத்தை அண்ணாந்து பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கையிலிருந்த அறிக்கையைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே படம்: கை நீட்டியபடி பதினோரு பேர். உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சேர்மன், கிளப் டாக்டர், முகாம் வல்லுநர், பயிற்சியாளர், செயலாளராக நான். விசாரணை மிக ஆழமாக நடந்தது. இரண்டு தடவை டீ வந்தது.

“படத்தைப் பாருங்க. எல்லாரும் இடது கையை நீட்டியிருக்காங்க. பட்டை கட்டியிருக்கறதும் இடது கைலதான். பட்டை சுருங்கி, ரத்த ஓட்டம் நின்னு, கை வெறைச்சுப்போயிருக்கு. பாவம், மடக்க முடியல” என்றார் டாக்டர்.

“சார், கைதானே வெறைச்சுது? கால் என்ன பண்ணிட்டிருந்தது?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

“கால் வேற டிபார்ட்மென்ட். நாம இப்ப கையைப் பத்திப் பேசறோம்” என்றார் சேர்மன். “பட்டை எதனால சுருங்கும்?”

“வெந்நீர்ல தோய்ச்சா சுருங்கும்” என்றார் டாக்டர்.

“யாரு தோய்ச்சது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெந்நீரில் தோய்க்கச் சொன்னதே கிளப்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பணியிடத்தில் உறவு பாராட்டக் கூடாது என்ற கொள்கை உடையவன் நான். “சலவைப் பிரிவு சார்” என்று மட்டும் சொன்னேன். முடிவை எழுதியதும் நான்தான். நல்ல நடையில் அமைந்திருந்தது என்று வல்லுநர் பாராட்டினார்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாயக்காலைக் கோப்பை வென்ற அணி வாங்கிக்கொண்டது, கேப்டன் அனுபவம் உள்ளவர் என்று. சுருட்டையும் சுவரும் வெளிநாடு போனார்கள். மற்றவர்களையும் முதல் டிவிஷன் அணிகள் போட்டி போட்டு அழைத்துக்கொண்டன. அவ்வளவு திறமை உள்ளவர்களை யார்தான் இரண்டாம் டிவிஷனில் விட்டுவைப்பார்கள்? சேர்மன் மொத்த லீக்குக்கும் துணைத் தலைவர் ஆனார். பயிற்சியாளருக்குத் தேசிய அணியில் இடம் கிடைத்தது. இத்தனை கேப்டன்களைச் சமாளித்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? நான் தலைமை மக்கள் தொடர்பு அலுவலர் ஆனேன். கிளப் இறங்கியது, கிளப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள்.

விசாரணை முடிவு வெளியான அன்று சாயங்காலம் அக்கா ஒரு பையில் தன் மாற்றுச் செருப்பையும் டம்ளரையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள் அறையில் மாமா இருமிக்கொண்டிருந்தார். அவள் கை கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போல எனக்குச் சாப்பாடு போட்டாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

“டேய், ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத. நான் எந்த மேட்ச்டா ஆடினேன்?”

“அது… கூட்டுப் பொறுப்புக்கா.”

“கூட்டுன்னா எல்லாரும்தானே? வீட்டுக்கு வந்தது நான் ஒருத்திதானேடா?”

என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு அறிக்கை வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் விசாரணைக் குழு மிகவும் நேர்மையாகத்தான் நடந்துகொண்டது என்று புரிகிறது. வேலை செய்தவர்களிடம்தான் தவறு கண்டுபிடிக்க முடியும். அந்தக் கிளப்பில் வேலை என்று ஒன்றைச் செய்தவள் என் அக்கா மட்டும்தான். எதையுமே செய்யாத எங்களிடம் எப்படிக் கண்டுபிடிப்பது?