ஆறால் வகுபடாத சஹன்

கண்டியிலிருந்து கம்பளை வரைக்கும் கல்யாண வீட்டுக்குப் பரிசோடு போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தராசோடு போனவர் ஒருவர்தான். கெலிஓயாக்காரர். போசாக்கு விஞ்ஞான முதுமாணி வகுப்பில் என்னோடு படித்தார். வீட்டில் வைத்த பெயர் பதிவுப் புத்தகத்தோடு சரி. எங்களுக்கு அவர் தராசு நானா. எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்தராசு எப்போதும் அவர் பையில் இருக்கும். கன்டீனில் ரோல்ஸ் வாங்கினால் முதலில் தராசுக்குத்தான் படையல். தீபாவளிக்கு நான் கொண்டுபோன உளுந்து வடையை நிறுத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், ஒண்ட வச்சி ஒண்டும் சொல்லேலா. இன்னும் நாலு தா, சராசரி பாக்கணும்" என்றார். அன்று விஞ்ஞானம் வளர்ந்தது. எனக்கு வடை இல்லை.

ஒருமுறை அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டதும் தட்டைத் தூக்கித் தராசில் வைத்தார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் தம்பி, கொறச்சுப் போட்டுட்டேனா?"

"இல்லம்மா, கூடிப் போச்சி."

அம்மா சிரித்துக்கொண்டே இன்னோர் அகப்பை போட்டார். நானா முதலிலிருந்து நிறுத்தார்.

இப்படிப்பட்டவர் ஆய்வுக்கு எடுத்த விஷயம், தன் ஊர்க் கல்யாணங்களில் ஓர் ஆள் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது. கேட்க இலேசாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஆளுக்கொரு தட்டுக் கிடையாது. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் வரும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒன்றிலேயே கைபோட்டுச் சாப்பிடுவார்கள். பங்கு பிரிப்பது என்ற பேச்சே இல்லை.

ஒரு கல்யாணத்தில் என்னையும் உட்கார வைத்தார். சஹனை முதலிலேயே நிறுத்தாயிற்று. பிறகு ஒவ்வொருவர் கையையும் கழுகு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கத்து ஹாஜியார் நல்லதொரு இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினார். மரியாதைக்கு நான் அடுத்தவர் பக்கம் தள்ளினேன். அவர் அதற்கடுத்தவருக்கு. துண்டு சஹனைச் சுற்றி வலம் வந்து, நானா கண் சிமிட்டிய நேரத்தில் காணாமல் போய்விட்டது.

"அந்தத் துண்ட யாரு திண்ட?" என்று கத்தினார் நானா. மண்டபமே அடங்கிவிட்டது. மணமேடையிலிருந்த மாப்பிள்ளைகூட, தான் இல்லை என்று தலையை ஆட்டினார்.

தனித் தட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். நானா தன் வீட்டு விருந்திலேயே வைத்தார். "ஏன் மகன், எங்களுக்கு ஏதும் தொத்து வருத்தமா?" என்று கேட்ட மாமா அரை வயிற்றோடு எழும்பிவிட்டார். மற்றவர்களும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கொறித்தார்கள். அந்தக் கணக்கும் உதவவில்லை.

ஆய்வேடு கொடுக்கும் தவணை நெருங்கியது. விட்டால் பட்டம் இல்லை. "சஹன் எடையை ஆறால் வகுத்து எழுதிவிடுங்கள்" என்றார் பேராசிரியர், களைத்துப்போய். நாங்களும் கெஞ்சினோம்.

"வகுத்துப் போடுங்க நானா. யாரு பாக்கப் போறாங்க?"

"வகுக்கலாம் மச்சான். ஆனா விட்டுக்குடுத்தவனும் வாங்கித் திண்டவனும் ஒண்டாகிருவாங்களே. அது பொய்தானே?"

பொய்தான். அந்தப் பொய்யை எழுதியிருந்தால் இன்றைக்கு அவர் எங்காவது விரிவுரையாளராக இருந்திருப்பார். எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. தவணை போயிற்று. எங்களுக்குப் பட்டம் கிடைத்தது. எங்கள் எல்லோரையும்விட அந்தப் படிப்பை நேசித்த மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கம்பளையில் வாப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். அண்மையில் போயிருந்தேன்.

"திரும்பவும் பதிஞ்சுக்கலாமே நானா, இன்னும் வயசு போயிடலயே?"

"வாப்பாக்கு ஒடம்புக்கு ஏலா மச்சான். நான் போனா கடைய யாரு பாக்குற?" என்றபடி விரித்த சாரியை மடித்தார். பிறகு மெதுவாக, "பட்டமளிப்புக்குப் போடுற அந்தக் கறுப்பு அங்கி, உள்ளுக்கு சரியான சூடா ஈக்குமா?" என்று கேட்டார்.

"ஆமா நானா, வேர்த்துக் கொட்டும். ஒரு சுகமும் இல்ல" என்றேன். உண்மையில் அன்று அதைக் கழற்றவே எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் அந்த அங்கி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருக்கக்கூடிய ஒரே ஆள், அதன் சூடு எப்படி இருக்குமென்று என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.