டேபிள் மாஷியின் நூற்றெட்டுப் படி

கொல்கத்தாவில் ஊர்வலம் போகாமல், கோஷம் போடாமல், ஒரு சுவரில்கூட எழுதாமல் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றை ஆட்டம் காண வைத்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, டேபிள் மாஷிதான்.

மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி, பெரியம்மா. தெருவுக்கே அவர் சித்தி. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால், "ரேஷன் கார்டுல இருக்கு" என்பார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார், வங்காளத்தில் சண்டை போடுவார், ஆங்கிலத்தில் மனு எழுதுவார். அறுபதை நெருங்கும் வயது, ஐந்தடிக்குக் குறைவான உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ.

லேக் கார்டன்ஸில் எங்கள் தெருமுனைப் பொது நூலகத்தில் அவர் உதவியாளர். பத்து அலமாரி வங்காளம், நாலு ஆங்கிலம், ஒன்று தமிழ். தமிழ் அலமாரியில் இருந்தவை, மாற்றலாகிப் போன குடும்பங்கள் லாரியில் இடமில்லாமல் விட்டுப்போனவை. நூலகர் இரண்டு நூலகங்களுக்குப் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் வருவார், வந்ததுமே கிளம்பும் நேரத்தைப் பார்ப்பார். ஆகவே ராஜ்ஜியம் மாஷியுடையது. வாசலுக்கு நேரே ஒரு நீள மேஜை. திங்கள்கிழமைதோறும் அதில் புதிதாக முப்பது புத்தகம் அடுக்குவார். ஊரில் அந்த வாரம் எது பேச்சோ அதுதான் தலைப்பு. நடுவில் ஓர் அட்டையில் ஓரிரு வார்த்தை. அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். "இந்த வார்டில் எங்கும் தண்ணீர் தேங்கவில்லை" என்று உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் அறிக்கை விட்டார். திங்களன்று மேஜையில் படகு கட்டுவது, நீச்சல் பழகுவது, தவளை வகைகள், மீன் சமையல். அட்டையில், "நம் தெரு". பிரமுகர் வந்து பார்த்தார், முகம் சிவந்தது, பிறகு மீன் சமையலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

தேர்தல் சமயத்தில் நூலகக் கமிட்டி முன்னெச்சரிக்கையாக உத்தரவு போட்டது: மேஜையில் அரசியல் கூடாது. "ஆகட்டும்" என்றார் மாஷி. பச்சோந்தி பற்றி ஒரு புத்தகம், குரங்கு பற்றி நாலு, மேஜிக் கற்றுக்கொள்வது எப்படி, கிளி ஜோசியம். அட்டையில், "இதில் அரசியல் இல்லை". அந்த வாரம் நூலகத்துக்கு வந்த கூட்டம் துர்கா பூஜைக்குக்கூட வந்ததில்லை.

பரீட்சை முடிவு வந்த வாரம் "பெயிலானவர்கள்" என்று அட்டை எழுதி, பள்ளியில் தோற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகளை வைத்தார். "பிள்ளைகளைக் கெடுக்கறீங்க!" என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தார். "உட்கார்ந்து கெட்டுப் போங்க, நாற்காலி இருக்கு" என்றார் மாஷி. மனிதர் நூலகம் மூடும்வரை எழுந்திருக்கவில்லை. போகும்போது, "நானும் கணக்குல ரெண்டு தடவை" என்று மாஷியின் காதில் சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் அப்போது வங்கி உத்தியோகத்தில் மாற்றலாகி அங்கே குடியிருந்தேன். ஆங்கிலத்தில் தப்பில்லாமல் மினிட்ஸ் எழுதுவேன் என்ற ஒரே தகுதிக்காக என்னை நூலகக் கமிட்டிக்குச் செயலாளராக்கியிருந்தார்கள். தலைவர் தத்தா பாபு. எங்கள் ஒன்பது மாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கும் அவரே தலைவர். இரண்டு இடத்திலும் ஒரே குரல். வங்காளத்தில் அவர் சொன்னதையெல்லாம் தமிழில் தருகிறேன். அந்தச் சத்தத்தைத் தர வழியில்லை.

ஒரு ஞாயிறு காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது காவலாளி ஒரு காகிதத்தோடு வந்தார். எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்குகிறார்களாம். நானும் போட்டேன். மறுநாள் அது லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது: லிஃப்ட் அடிக்கடி பழுதாவதால், வேலைக்கு வருபவர்கள் இனி படிக்கட்டையே பயன்படுத்த வேண்டும். வளர்ப்பு நாய்கள் உரிமையாளருடன் லிஃப்டில் வரலாம்.

எங்கள் வீட்டில் வேலை செய்த சந்தியாதி, விடியற்காலை லோக்கல் ரயிலில் டாக்குரியா ஸ்டேஷனில் வந்து இறங்கி நடந்து வருவார். 'தி' என்றால் அக்கா. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது, ஆறாவது, எட்டாவது மாடிகளில் அவருக்கு வேலை. பகலில் கிடைக்கும் ஒரு மணி நேரம் நூலகத்து பெஞ்சில் துப்பறியும் நாவல். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார். "கொன்னது யாருன்னு தெரியாம எப்படி நிம்மதியா படிக்கிறது?" என்பார்.

நோட்டீஸ் ஒட்டி இரண்டு வாரம் இருக்கும். திங்கள்கிழமை வங்கிக்குப் போகிற வழியில் நூலகத்துக்குள் தலையை நீட்டினேன். மேஜையில் மலையேற்றம் பற்றி ஏழெட்டுப் புத்தகம். முழங்கால் வலிக்கு வைத்தியம், இதய நோய், கலங்கரை விளக்கங்கள், தமிழ் அலமாரியிலிருந்து பழனி யாத்திரை வழிகாட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக ஒரு பட்டுத் துணி விரித்து, நாய் வளர்ப்பது எப்படி. அதன்மேல் வங்காளத்தில் ஒரு சீட்டு: "இவர் லிஃப்டில் போகலாம்." நடுவில் பெரிய அட்டை. அதில் தமிழில் ஒரே வார்த்தை, "படி". கீழே 108.

"என்ன மாஷி இது?"

"உங்க வீடு ஆறாவது மாடி. ஒரு மாடிக்குப் பதினெட்டு. நேத்து நானே ஏறி எண்ணினேன்."

எனக்குக் காது சூடானது. வங்கிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

மாலையில் நான் நூலகத்துக்குத் திரும்பி வந்தபோது தத்தா பாபு மேஜைமுன் நின்றிருந்தார். "செக்ரெட்டரி! உங்க பாஷையில அது என்ன எழுதியிருக்கு?"

"'படி'ன்னு எழுதியிருக்கு. புத்தகம் படிக்கச் சொல்றாங்க. லைப்ரரிதானே."

"அந்த நூற்றெட்டு?"

"நூற்றெட்டு தடவை படிக்கணும். எங்க பக்கத்துல எதையும் நூற்றெட்டு தடவை செஞ்சாத்தான் பலன்."

பக்தி விஷயமோ என்று அவருக்குச் சந்தேகம். பிறகு கண் அந்தப் பட்டுத் துணிக்குப் போனது. அவருடைய வீட்டில் இரண்டு நாய்கள்.

அன்றே அவசரக் கூட்டம். "நூலகம் இலக்கியத்துக்கா, லிஃப்டுக்கா?" என்று தத்தா பாபு மேஜையைக் குத்தினார். மேஜையை உடனே அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் உதவியாளரின் சேவை இனி தேவைப்படாது என்று தீர்மானம். கடிதம் எழுத வேண்டியவன் நான். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவனும் நான்.

மறுநாள் மாஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தார். "இங்கிலீஷ் நல்லா இருக்கு" என்றார். பிறகு, "அந்த நோட்டீஸ்ல நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியாமே?"

"படிக்காம போட்டுட்டேன் மாஷி."

"லைப்ரரி செக்ரெட்டரி! படிக்காம கையெழுத்து!" இதைத் தமிழில் ஒரு முறையும் வங்காளத்தில் ஒரு முறையும் சொன்னார். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"லிஃப்ட் விஷயம் லைப்ரரிக்கு எதுக்குன்னு தத்தா பாபு கேக்கறார்."

மாஷியின் குரல் இறங்கியது. "போன வாரம் சந்தியா வந்தா. வாசல்ல இருக்கிற அஞ்சு படி ஏற முடியலை அவளுக்கு. முழங்கால் இப்படி வீங்கியிருக்கு. கீழேயே நின்னுகிட்டு, புத்தகத்தை வெளியில கொண்டுவந்து குடுங்க மாஷின்னு கேட்டா. என் வாசகி ஒருத்தியால என் லைப்ரரிக்குள்ள வர முடியலை. அது லைப்ரரி விஷயம் இல்லையா?"

"சரி மாஷி. ஆனா மேஜையை எடுக்கலைன்னா உங்க வேலை போயிடும்."

"போகட்டுமே. வீட்டுக்குத்தானே அனுப்புவாங்க? என் வீடு கிரவுண்ட் ஃப்ளோர்."

அன்று மாலை என் மனைவியும் ஊரிலிருந்து திரும்பி, நோட்டீஸில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். இரண்டு நாள் எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

மறுநாள் மேஜை போய்விட்டது. மாஷி உத்தரவை மதித்துவிட்டார் என்று தத்தா பாபு மகிழ்ந்தார், நூலக வாசலுக்கு வரும்வரை. வாசலின் ஐந்து படியிலும் படிக்கு ஆறாக அந்த முப்பது புத்தகங்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே போக வேண்டுமானால் ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில்தான் ஏற வேண்டும். "மேஜையை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தாச்சு. புத்தகத்தை எடுக்கச் சொல்லி லெட்டர்ல இல்லையே. செக்ரெட்டரியைக் கேளுங்க, அவர் எழுதினதுதான்" என்றார் மாஷி.

அதற்கும் அடுத்த உத்தரவு வந்தது, புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பின. அதற்குள் மாஷி சந்தியாதியிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் வேலை செய்த பதினேழு பெண்களும் நூலகத்தில் உறுப்பினர் ஆனார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் கதைப் புத்தகம் எடுத்தார்கள், தெரியாதவர்கள் படம் போட்டது. பிறகு நடந்ததை லேக் கார்டன்ஸ் மறக்காது. ஒரு மாடி ஏறுவார்கள், படியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பார்கள், அடுத்த மாடி ஏறுவார்கள். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கதை சூடுபிடித்தால் நாலாவது மாடியிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

விளைவு, காலை ஏழு மணிக்குத் துலக்க வேண்டிய பாத்திரங்கள் ஒன்பதரைக்குத் துலங்கின. சால்ட் லேக் ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள் டிபன் டப்பா இல்லாமல் ஓடினார்கள். குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழு கொதித்தது. ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் மட்டும், "கொலை செய்தது யார் என்று நேற்று பாதியில் விட்டுவிட்டார்கள், யாராவது சொல்லுங்களேன்" என்று செய்தி போட்டிருந்தார்.

சந்தியாதியை எட்டாவது மாடி அம்மாள் அதட்டினாராம். "முட்டி வலிக்குது போவுதி. நின்னு நின்னுதான் ஏற முடியும். சும்மா நிக்கிறதுக்குப் படிக்கிறேன், அதுல என்ன குத்தம்?" என்று சந்தியாதி திருப்பிக் கேட்டாராம். போவுதி என்றால் அண்ணி. அந்த மரியாதையை விடாமலே கேட்டிருக்கிறார்.

ஞாயிறன்று மொட்டைமாடி ஹாலில் பொதுக்கூட்டம். "இது திட்டமிட்ட சதி" என்று தத்தா பாபு தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. டேபிள் மாஷி. முகமெல்லாம் வேர்வை, மூச்சு இரைக்கிறது, ஒரு கையில் நூலகப் பதிவேடு. உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தத்தா பாபு சதியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க இந்தக் கட்டடத்துல குடியிருக்கலையே. எதுக்கு வந்தீங்க?"

"லைப்ரரி வேலையா வந்தேன். மூச்சுப் பயிற்சின்னு ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போனீங்க. மூணு வருஷம் ஆச்சு. இப்ப எனக்கே தேவைப்படுது."

யாரோ சிரித்துவிட்டார்கள். தத்தா பாபு பல்லைக் கடித்தார். "அதுக்கு லிஃப்டுல வர்றதுக்கென்ன? இந்த வயசுல இத்தனை மாடி ஏறணுமா?"

"எப்படி வர்றது? வேலைக்கு வர்றவங்க லிஃப்டுல ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கே. கீழே அத்தனை பேர் கையெழுத்து இருக்கு. ஆறாவது கையெழுத்து எங்க செக்ரெட்டரியோடது."

நான் எழுந்து நின்றேன். தைரியமெல்லாம் இல்லை. மாஷியின் அந்த மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "என் கையெழுத்தை அடிச்சிடுங்க" என்றேன். சின்னக் குரலில்தான் சொன்னேன். பக்கத்தில் என் மனைவி, "இன்னும் சத்தமா" என்றாள். சத்தமாகச் சொன்னேன். அடுத்து ஐந்தாவது மாடிக்காரர் எழுந்தார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பாராத விதமாக, தத்தா பாபுவின் மனைவி எழுந்தார். "ரெண்டு நாயையும் தினம் ரெண்டு வேளை வெளியே கூட்டிட்டுப் போறது நம்ம வீட்டுல வேலை செய்யற பூர்ணிமா. நாய்கூட இருந்தா அவளும் லிஃப்டுல வரலாம், இல்லைன்னா கூடாது. இதை நான் எப்படி அவகிட்ட சொல்வேன்னு மூணு வாரமா முழிக்கிறேன்" என்றார்.

அன்று மாலையே நோட்டீஸைக் கிழித்தார்கள். கிழித்தது காவலாளி. ஒட்டியதும் அவர்தான் என்பதால் கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்துடன் கிழித்தார்.

தத்தா பாபு சும்மா விடவில்லை. மேஜை திரும்பி வரலாம், ஆனால் ஒவ்வொரு வாரமும் தலைப்புக்குச் செயலாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்று நூலகக் கமிட்டியில் விதி கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாஷியின் மனு வரும். நான் முழுக்கப் படித்துவிட்டு "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதுவேன். குளத்தை மண் போட்டு நிரப்புவது, அனல் காற்று, வெட்டப்பட்ட வேப்ப மரம், இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்கள். இரண்டு வருடத்தில் ஒரு மனுவைக்கூட நான் நிராகரித்ததில்லை. "ஒரு தடவையாவது முடியாதுன்னு எழுதேன், சண்டை போட்டு நாளாச்சு" என்பார்.

பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்பு விடைபெறப் போனேன். அந்த வாரத்துக்கு மட்டும் மாஷி என்னிடம் அனுமதி கேட்கவில்லை. மேஜையில் ரயில் பயணம், நாடு விட்டு நாடு போகும் பறவைகள், புது ஊரில் தோட்டம் போடுவது, கடிதம் எழுதும் கலை. அட்டையில், "போய்ட்டு வா".

அட்டையை இரண்டு முறை படித்தேன். மாஷி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை.

"உனக்காக வெச்சேன்னு நெனச்சுக்காதே. பக்கத்து ஏரிக்கு வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்திருக்கு, அதுக்காக வெச்சது" என்றார்.

ஏரிக்கு அந்தப் பறவைகள் வருவது மார்கழிக் குளிரில். நான் கிளம்பியது மே மாதம்.