அந்த மரம் இடைமுகமா?

"இந்த மரத்தையும் எடுத்துடு," என்றார் முதலாளி.

"மரம் என்ன பாவம் பண்ணிச்சு, அத்தான்?"

"ஆபீஸ்ல சார்."

"மரம் என்ன பாவம் பண்ணிச்சு, சார்?"

"வலது பக்கம் சாஞ்சிருக்கே. பாத்ததும் அந்தப் பக்கம்தான் வழின்னு தெரிஞ்சுடுது. வழி காட்டினா அது இடைமுகம்."

கட்டம் தலையைப் பிடித்துக்கொண்டாள். வீடியோ கேம்களின் திரையோரத்தில் உயிர்க்கோடு, புள்ளி, வரைபடம், பட்டன் என்று, ஆடுகிறவருக்கு வழி சொல்லும் இடைமுகம் எல்லாம் வரைந்து வைப்பது அவள் வேலை. கட்டம் கட்டமாக வரைந்தே அந்தப் பெயர் வந்தது. முதலாளி அவள் அக்காவின் கணவர். காட்டில் தொலைந்தவன் வெளியே வர வேண்டிய இந்த விளையாட்டு இன்று விற்காவிட்டால், அலுவலகப் பலகையைக் கழற்றிவிட்டு இருவரும் வீட்டில் அக்காவிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

வாங்க வருகிறவர் போனில் ஒரே நிபந்தனை சொல்லியிருந்தார்: "திரையில கோடு, எண்ணு, அம்பு எதுவும் எனக்கு வேண்டாம். நேரா காட்டுக்குள்ள போயிடணும்."

திங்கட்கிழமை, நாயகனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோட்டை எடுத்தாள். நன்றாக நடந்துகொண்டிருந்த நாயகன் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து செத்தான். அதனால், அடிபட்டால் மூச்சு வாங்கும்படியும் முகம் வெளுக்கும்படியும் செய்தாள்.

"அதே உயிர்க்கோட்டை மூஞ்சில பூசியிருக்கே. எடு."

முகம் போய் மூச்சு மட்டும் மிஞ்சியது.

செவ்வாய்க்கிழமை அம்புக்குறி போனது. முதலாளியே நாற்பது நிமிடம் ஒரே பாறையைச் சுற்றிவந்தார். பாவம் பார்த்து, கழுத்தில் மணி கட்டிய நாய் ஒன்றை முன்னால் ஓடவிட்டாள்.

"அம்புக்கு நாலு கால் வச்சா நாயா?"

"மணிச் சத்தமாவது இருக்கட்டுமே, சார். அது திரையில இல்லையே."

"அது இருந்துட்டுப் போகட்டும்."

புதன்கிழமை ஆறு மறைந்து இரைச்சல் மட்டும் நின்றது. நேரம் காட்டுகிறதென்று நிலாவும் போனது.

"அப்ப நாயகன்? நாம எங்க நிக்கிறோம்னு அவன்கூடத்தான் காட்டுறான்," என்றாள் எரிச்சலில்.

"அட, ஆமா."

நாயகனும் போனான்.

இப்போது மிச்சம் இந்த மரம். அழித்தாள். திரை முழுவதும் கருத்தது.

"என்னடி இது?"

"அவசரத்துல சூரியனை இந்த மரத்தோடதான் கட்டி வச்சிருந்தேன்."

"சூரியனை யாராவது மரத்துல கட்டுவாங்களா?"

"நீங்கதானே சீக்கிரம் முடின்னீங்க."

வாசலில் கார் வந்து நின்றது. வாங்க வந்தவர் டிரைவரின் தோளில் கை போட்டபடி, பழைய சிநேகிதர்போல் உள்ளே நுழைந்தார். பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தார், டிரைவர் எடுத்துக் கொடுத்த கேம் கைப்பிடியை வாங்கி விளையாடத் தொடங்கிவிட்டார்.

"போச்சு," என்றார் முதலாளி, உதட்டை அசைக்காமல்.

கருத்த திரைக்குள் மணி குலுங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். ஆறு இரைந்ததும் நின்றார். மூச்சு வாங்கியதும் ஓய்வெடுத்தார். மறுபடி மணி, மறுபடி ஓட்டம். கட்டம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பதினோராவது நிமிடம் அவர் காட்டை விட்டு வெளியே இருந்தார். அந்த அலுவலகத்தில் இதுவரை ஒருவரும் வெளியே வந்ததில்லை.

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "நாலு வருஷமா இதைத்தான் தேடுறேன். வாங்கிக்கிறேன். இன்னும் மூணு வேணும். அந்த மணி யாரோட யோசனை?"

முதலாளி அடக்கமாகப் புன்னகைத்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"யாருன்னு கேட்டேனே?"

முதலாளி இன்னும் ஆழமாகக் குனிந்தார்.

"நான்தான், சார்," என்றாள் கட்டம் மெல்ல.

"இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க," என்று சொல்லி எழுந்தார் அவர்.

அவர் காரில் ஏறியதும் முதலாளி டிரைவரைத் தனியாக ஓரங்கட்டினார். "நான்தான்னு ரெண்டு தடவை நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். உங்க ஐயா கண்டுக்கவே இல்லையே?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கணும், சார்," என்றார் டிரைவர். "ஐயாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது."