சூரியனுக்கு எதிராக ஒரு திருகாணி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒருமுறை சூரியனோடு போட்டிக்குப் போனவள். இருபத்திரண்டு வயதில், உத்திரமேரூர் பக்கத்தில் பெருநகர் என்கிற எங்கள் ஊரில், காலை பத்து மணிக்கு, கணுக்கால் சேற்றில், கையில் வாட்ச் ரிப்பேர் செய்யும் ஸ்க்ரூடிரைவரோடு. யார் ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (அவர் இன்னமும் தினமும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்.)

அப்போது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது வீட்டில் சும்மா இருந்தேன். என் அம்மா அன்னம்மா, நடவுக்குப் போகும் பன்னிரண்டு பெண்களுக்குத் தலைவி. அவர்களிடம் ஓர் அளவு கயிறு உண்டு. சாணுக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி முடிந்திருக்கும். இரண்டு பேர் இரண்டு வரப்பிலும் நின்று கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள், மற்றவர்கள் துணிக்கு நேராக நாற்றை ஊன்றுவார்கள், பிறகு கயிற்றை ஒரு சாண் நகர்த்துவார்கள். வரிசை நேராக வரும். ஆனால் நேரம் பிடிக்கும்.

அந்த வருஷம் நிலத்துக்காரர் மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “நீங்க கயிற நவுத்தறதுக்குள்ள பொழுது பூடுதும்மா. மெஷின் வந்தா அரை நாள்ல நட்டுட்டுப் பூடும்.”

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பின்னால் நின்றிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்ககிட்ட லேசர் கீது ஐயா. வரப்புல வெச்சா கழனிக்குக் குறுக்க கோடு வுழும். கயிறே வாணாம்” என்றேன். (லேசர் கீது என்று சொன்ன அந்த நிமிஷம் என்னிடம் லேசர் கிடையாது.)

அவர் யோசித்தார். “சரி, ரோட்டோரக் கழனிய நட்டுக் காட்டுங்க. உச்சிப் பொழுதுக்குள்ள முடிச்சா மீதி கழனியும் உங்களுக்கு. இல்லாங்காட்டி மெஷினு.”

ஆக, பன்னிரண்டு பேருடைய அந்தப் போகத்து வேலை என் வாயில் தொங்கியது.

அன்றே ஆர்டர் போட்டேன். பார்சல் வந்தது. கட்டைவிரல் அளவில் ஒரு பச்சை லேசர் டையோடு, முனையில் வெளிச்சத்தைக் கோடாக விரிக்கும் வில்லை. அதற்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று தீர்மானிக்கும் டிரைவர் பலகை ஒன்று, நகத்தளவு. அதன் மூலையில் எள்ளளவு பித்தளைத் திருகாணி. அதைத் திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். கூடவே ஒரு காகிதம். கண்ணாடி போடாமல் கிட்டே போகாதே, லேசரை மாட்டியபடி திருகாணியைத் தொடாதே, முதலில் லேசருக்குப் பதில் சாதாரண டையோடுகளையும் ஒரு ரெசிஸ்டரையும் மாட்டு, மீட்டரில் அளவு பார்த்துத் திருகு, அப்புறம் லேசரை மாட்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படித்தேன். மடித்தேன். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். டிப்ளமோ படித்தவளுக்கு யார் சொல்லித் தருவது?

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு லேசரைப் போட்டேன். சுவரில் ஒரு கோடு விழுந்தது. ஏசுநாதர் காலண்டர் மேல் ஏறி, தட்டு அலமாரியில் உடைந்து, அரிசி மூட்டையில் வளைந்து, மறுபடி நேரானது. அவ்வளவு மெல்லிய, அவ்வளவு சுத்தமான பச்சையை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா வந்து உள்ளங்கையை நீட்டினார். கோடு அவர் கைரேகைகளில் ஏறி இறங்கியது. “இன்னாடி இது, நூலு மாரி கீது, புடிக்க முடில” என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

மறுநாள் மூன்று மூங்கிலை முக்காலியாகக் கட்டி, வரப்பில் நிறுத்தி, உச்சியில் லேசரை வைத்தேன். பெண்கள் நாற்றுக்கட்டோடு கழனியில் இறங்கினார்கள். சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றுமில்லை. வெயில்தான் இருந்தது.

“எங்கடி கோடு?” என்றார் எஸ்தர் அக்கா. அம்மாவுக்கு அடுத்த நடவுக்காரி அவர்தான்.

“கீதுக்கா. தெரியல.”

“எங்க வூட்டுக்காரர் செய்யிற வேலையும் அப்பிடித்தான். கீது, தெரியாது.”

கழனியே சிரித்தது. நிலத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அவசரமாகக் கறுப்புக் குடையை விரித்துச் சேற்றுக்கு மேல் பிடித்தார். குடை நிழலில் மட்டும் மங்கலாக ஒரு கோடு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திருகாணியைத் திருகினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. பெரிதாக மாற்றமே இல்லை. (ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரே சுற்றில் முடிகிற சாமான் இல்லை அது. மொத்தம் இருபத்தைந்து சுற்று. காகிதத்தில் இருந்தது. காகிதம் மேசைக்கு அடியில் இருந்தது.) இன்னும் திருகினேன்.

அப்போது ஒரு மேகம் சூரியனை மறைத்தது.

கழனியின் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்பு வரை பச்சைக் கோடு பளிச்சென்று எழுந்தது. பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு தட்டான் கோட்டைக் கடந்தபோது ஒரு கணம் மரகதமாக மாறி, திரும்பத் தட்டானாகப் பறந்தது. நிலத்துக்காரர் தன்னையறியாமல் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “யேசுவே” என்றார் எஸ்தர் அக்கா. நான் பண்ணினேன், என் கையால் பண்ணினேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது.

மேகம் போனது. கோடும் போனது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ சூரியனை ஒரு முறை முறைத்துவிட்டு, இன்னும் நாலு சுற்று திருகினேன். முக்காலியடியில் கண்ணைப் பறிக்கிற ஒரு பச்சை. அடுத்த நொடி அழுக்கு மங்கல். செத்த லேசர் முழுதாக அணையாது. பழைய டார்ச் மாதிரி மினுக்மினுக்கென்று எரிந்து மானத்தை வாங்கும்.

(கோட்டுக்குப் பக்கத்தில் குடையோடு குனிந்திருந்தது என் அம்மா. அந்த வெளிச்சம் அவர் கண்ணில் பட்டிருந்தால்?)

“போவட்டும், கயிற எடு” என்றார் அம்மா. “அளவு கயிறு எங்கடி?”

நான் முக்காலியைக் காட்டினேன். கயிறே வேண்டாம் என்று சொன்னவள் இல்லையா? அதை மூன்றாக வெட்டித்தான் மூங்கில்களை இறுக்கிக் கட்டியிருந்தேன்.

அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் பாட்டுக்கு முக்காலியைப் பிரித்து, மூன்று துண்டையும் இரண்டு முடிச்சுப் போட்டுச் சேர்த்தார். முடிச்சு விழுந்த இடத்தில் சாண் இடைவெளி நாலு விரலாகக் குறைந்துவிட்டது. நட்டு முடிக்க மணி மூன்று. நிலத்துக்காரர் நாங்கள் கயிற்றைப் பிரிப்பதற்கு முன்பே மெஷினுக்குச் சொல்லப் போய்விட்டார். மீதி கழனிகள் போயின. பன்னிரண்டு பேரும் அந்தப் போகம் வேறு ஊர்களுக்கு அலைந்தார்கள். அம்மா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து உத்திரமேரூர் பஸ்ஸில் போனபோது பார்த்தேன். எங்கள் கழனியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை இரண்டு அடர்பச்சைக் கோடுகள். முடிச்சு விழுந்த இடமெல்லாம் நாற்று நெருங்கி வளர்ந்து, வரிசைக்கு வரிசை ஒரே நேரில் போயின. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. “லேசர் நடவாம்பா” என்றார் கண்டக்டர்.

அடுத்த போகத்துக்கு நிலத்துக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். “எல்லாக் கழனியும் உங்களுக்குத்தான். அந்தக் கோடு வரணும். லேசர் பொட்டியும் வரணும்.”

அம்மா புதுக்கயிறு வாங்கி வந்து, துணி முடிந்து, அவரே இரண்டு இடத்தில் வெட்டி, நாலு விரல் அளந்து முடிச்சுப் போட்டார். நான் செத்த லேசரை முக்காலியில் ஏற்றி வைத்துக்கொண்டு மூன்று நாள் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். நிலத்துக்காரர் வந்து, கழனியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பயபக்தியோடு பார்த்தார்.

“வெயில்ல கோடு தெரியாது, இல்ல?”

“தெரியாது ஐயா” என்றார் அம்மா, தலை நிமிராமல். “ஆனா கீது.”

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் லேசர் டிரைவர்களைச் சோதிக்கிறேன். கண்ணாடி போடாமல், மீட்டர் வைக்காமல் எந்தத் திருகாணியையும் தொடுவதில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தால் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்.

“உப்பு போட்டியாடி?”

“போட்டேம்மா.”

“கீது, கீது. தெரியல.”