வெயில் பிடிக்கும் பலகை

மின்விசிறி மெதுவாகி, இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம் என்கிற வேகத்துக்கு வந்து, அப்படியே நின்றது.

"நின்னுடுச்சி," என்றாள் அருணா.

"நிக்கல. யோசிக்குது," என்றார் விஜயராஜ்.

"ஃபிரிஜ்ஜும் கூட சேர்ந்து யோசிக்குதா?"

விஜயராஜ் ஃபிரிஜ்ஜின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே சத்தமே இல்லை. ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்து அரை நாள் கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி.

விஜயராஜ் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். போளூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து போளூர். வேலை பார்த்த காலம் முழுக்க இந்த ஒரே தடம்தான். வேலூரைத் தாண்டி அந்தச் சாலை எங்கெங்கோ போகிறதே, அதெல்லாம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏங்கியிருக்கிறார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிஜ், மின்விசிறி என்று எல்லாம் வைத்து வீடாகவே ஆக்கிவிட்டார். அதில் காசி வரை போக வேண்டும். பக்கத்தில் அருணா இருக்க வேண்டும். யார் யாரையோ ஏற்றிக்கொண்டு ஓடியவருக்குத் தன் மனைவியை உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்று ஆசை இருக்காதா?

அருணா சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்தவளை இனிப்பு வார்த்தை பேசி வண்டியில் ஏற்ற முடியாது. அவள் போட்ட நிபந்தனை தெளிவாக இருந்தது.

"மலைமேல கொஞ்ச நாள் இருந்து பாக்கலாம். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஃபேனும் ஃபிரிஜ்ஜும் நிக்காம ஓடிச்சின்னா நான் காசிக்கு வர்றேன். ஓடலன்னா வண்டிய என் தம்பிக்குக் குடுத்துடணும்."

தம்பி பூபாலனுக்குச் செங்கத்தில் கோழி வியாபாரம். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, எத்தனை கூண்டு பிடிக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஆகவே கரண்ட் வந்தால் காசி, வராவிட்டால் கோழி.

விஜயராஜ் கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். மலைக்கு வந்ததும் எந்த ஓட்டுநரும் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்திருந்தார். நல்ல புளியமரமாகப் பார்த்து, அடர்ந்த நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தார். வண்டியை வெயிலில் நிறுத்துவது பாவம் என்று ஊறிப்போன கைக்கு, கூரைமேல் சோலார் பலகை இருப்பது எப்படி நினைவிருக்கும்?

உடனே வண்டியைக் கிளப்பி, வெட்டவெளியாகக் கிடந்த பாறைமேல் கொண்டுபோய் நிறுத்தினார். இடம் வேடியப்பனுடையது. அந்தக் காலத்தில் விஜயராஜின் பேருந்தில் புளி மூட்டை ஏற்றிப் பழக்கமான மலை விவசாயி. வேடியப்பனும் அவர் மனைவி முனியம்மாவும், அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

மாசி மாதத்து வெயில் பலகையில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மின்விசிறி லேசாக அசைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் விர்ரென்று பிடித்துக்கொண்டது.

விஜயராஜுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயோ கிடக்கிற சூரியன்! கோடானு கோடி மைல் தாண்டி வந்து, கேட்பார் யாருமில்லாமல் இந்தப் பாறைமேல் தினமும் கொட்டிக் கிடந்த வெயில், இப்போது அருணாவின் முந்தானையைப் படபடக்க வைக்கிறது. டீசல் இல்லை, மீட்டர் ஆள் வருவதில்லை. அவர் வாயைத் திறந்தபடி மின்விசிறியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சூரியனா வந்து இந்த ஃபேனை சுத்துது?" என்றார் வேடியப்பன்.

"ஆமா வேடியப்பா."

"யப்பா!" என்று வேடியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனியம்மா மட்டும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. பின்பக்கத்து ஏணியில் ஏறி, பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"யம்மா, தோசைக்கல்லு கணக்கா கொதிக்குது!"

விஜயராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்கால் ஏணி ஏற விடாது. இல்லாவிட்டால் அவரும் ஏறித் தொட்டுப் பார்த்திருப்பார்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் மின்விசிறி நின்றது. அது பெரிய மர்மமில்லை. சிக்கனம் பார்த்து அவர் வாங்கியிருந்த பலகை மிகச் சின்னது.

"எங்க வூட்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக்கோங்களேன் சார்," என்றார் வேடியப்பன்.

"நாளைக்குக் காசில போய் நின்னா ஒயர் குடுக்க நீ இருப்பியா வேடியப்பா? வேணாம். போளூர் போய் இன்னொரு பலகை வாங்கினு வர்றேன்."

அருணா முகத்தைச் சுளிப்பாள் என்று பார்த்தார். அவள் சுளிக்கவில்லை.

"போய்ட்டு வாங்க. நான் முனியம்மாகிட்ட பேசிக்கினு இருக்கேன்," என்றவள், மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்து அவரை ஏற்றிவிட்டாள்.

போளூர்க் கடைக்காரர் விலை குறைந்த பலகை, விலை கூடின பலகை என்று வரிசையாகக் காட்டி, குறைந்ததில் உள்ள குறைகளையும் கூடினதில் உள்ள நிறைகளையும் அழகாக எடுத்துச் சொன்னார். விஜயராஜ் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் மலை ஏறினார். பேருந்து நின்றதும் அவர் கண்களையே அவரால் நம்ப முடியவில்லை. முனியம்மாவும் நாலைந்து பெண்களும் காத்திருந்தார்கள். பலகையைக் கைக்குக் கை வாங்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி அதற்குக் குங்குமம் கூட வைத்தாள்.

"எந்த ஊருல சோலாருக்கு இப்டி ஒரு மரியாதை கெடைக்கும்!" என்று விஜயராஜ் நெகிழ்ந்து போனார்.

ஆனால் வண்டிக்குள் போனால், பேட்டரியில் பொட்டுச் சார்ஜ்தான் இருந்தது. நேற்று நண்பகலில் மின்விசிறியைச் சுற்றவைத்த பலகை, இன்று நாள் முழுக்க வெயிலில் கிடந்தும் அதற்குமேல் ஒன்றும் தரவில்லை.

ஜமுனாமரத்தூரில் மோட்டார் வேலை பார்க்கும் பார்த்திபன் வந்து புதுப் பலகையை மாட்டினார். பழையதையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, புதுசுல கூட இப்டி பளபளப்பு இருக்காது. இவ்ளோ சுத்தமா தொடச்சி வெச்சிருக்குற ஆளை நான் பாத்ததே இல்ல."

"நான்தான் தொடைச்சேன்," என்றாள் அருணா.

விஜயராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏணி ஏறியா? தனக்காகவா? சொந்த வீட்டு ஜன்னலையே பொங்கலுக்குப் பொங்கல் துடைக்கிறவள்!

"பலகைல கோளாறு இல்ல சார். பேட்டரிதான் பழசு போல," என்றார் பார்த்திபன்.

மறுநாள் செங்கம். புது பேட்டரியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது, சார்ஜ் நேற்றைவிட மோசம். ஒரு பலகை இருந்தபோது பொட்டு வந்ததென்றால், இரண்டு பலகைக்கு இரண்டு பொட்டாவது வர வேண்டாமா? சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஃபிரிஜ்ஜில் தயிர் புளித்து, கிண்ணத்தைத் திறந்தாலே பல் கூசியது.

"திட்டேன் அருணா. ரெண்டு வார்த்தை திட்டிடு, எனக்கு நிம்மதியா இருக்கும்," என்றார் விஜயராஜ்.

"எதுக்குத் திட்டணும்? புளிச்ச தயிரு எதுக்காவது ஆவும். நீங்க மனச வுடாதீங்க. இன்னொரு பலகை போட்டுப் பாப்போம்."

விஜயராஜ் அசந்து போனார். அவள் இன்னும் விடவில்லை.

"வாட்டு கீட்டெல்லாம் எனக்குத் தெரியாது. நல்லா அகலமா இருக்கணும். மேடு பள்ளம் இல்லாம வழவழன்னு இருக்கணும். ஓரத்துல சட்டம் கொஞ்சம் ஒசரமா இருந்தா நல்லது."

"இதெல்லாம் எப்டி உனக்குத் தெரியும்?"

"பாத்துப் பாத்து வந்துடுச்சி," என்றாள் அருணா அடக்கமாக.

கூடவே வாழ்ந்தும் தெரியாமல் போயிற்றே! தான் கட்டிக்கொண்டு வந்தது ஒரு இன்ஜினியர் மூளையை என்று விஜயராஜ் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். காலைப் பேருந்துக்கு அவளே அவரை எழுப்பி, புளிசாதம் கட்டிக் கொடுத்து ஏற்றிவிட்டாள். அவர் அமிர்தி வழியாக வேலூர் போய், கடை கடையாக ஏறி இறங்கினார். வாட் எவ்வளவு என்று கேட்காமல், அகலத்தைச் சாணால் அளந்து, ஓரத்துச் சட்டத்தைத் தடவிப் பார்த்த வாடிக்கையாளரைக் கடைக்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பிரம்மாண்டமான பலகையை, விலையும் கையைக் கடிக்காமல், வாங்கிக்கொண்டு ஒரு லோடு வண்டியில் வந்து இறங்கினார்.

இந்த முறை மொத்தச் சிற்றூரும் வந்துவிட்டது. ஒருத்தி சாமை கொடுத்தாள், ஒருத்தி தேன் கொடுத்தாள், ஒருத்தி பலாப்பிஞ்சு கொடுத்தாள். ஒரு வயதான அம்மாள் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மவராசன், நல்லா இருக்கணும்," என்றாள். விஞ்ஞானத்தின்மேல் இந்த மலை மக்களுக்கு இத்தனை பக்தியா என்று விஜயராஜ் வியந்தார். பாறைக்கு அந்தப் பக்கம் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

பார்த்திபன் பலகையை மாட்டினார். அது கூரையில் இருந்த காற்று ஜன்னலை முழுசாக மூடிவிட்டது. வண்டிக்குள் இட்லிப் பானைப் புழுக்கம். ஏற்கெனவே ஆசைக்குத் தேவைப்பட்ட மின்விசிறி, இப்போது மூச்சுவிடவே தேவைப்பட்டது. வியர்த்து ஒழுகிய அருணா முகத்தில் அப்போதும் ஒரு புன்னகை இருந்தது.

"நாளைக்கு நான் இங்கயே இருந்து, கண்ணால பாத்துடறேன்," என்றார் விஜயராஜ்.

"புதுப் பலகைக்குப் பூசை போடாம அது எப்டி வேலை செய்யும்? படவேட்டம்மன் கோயிலுக்குப் போய் ஒரு தேங்கா ஒடைச்சிட்டு வாங்க," என்றாள் அருணா.

அதுவும் நியாயமாகப் பட்டது. புதுப் பேருந்து வந்தால் டிப்போவிலேயே பூசை போடாமல் எடுக்க மாட்டார்களே. காலையில் போய்த் தேங்காய் உடைத்து, அம்மன் முன்னால் கண்ணை மூடி, "தாயே, எனக்குக் காசி கூட வேணாம். அவ என் பக்கத்து சீட்ல உக்காந்தா போதும்," என்று வேண்டிக்கொண்டு, குங்குமத்தோடு சாயங்காலம் திரும்பினார்.

பேட்டரி மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியது.

விஜயராஜ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அம்மனே கைவிட்ட பிறகு அப்பீலுக்கு எங்கே போவது? நிபந்தனை நிபந்தனைதான். பூபாலனுக்குப் போன் போட்டு, "வந்து பேசிக்கலாம் மாப்ள, வண்டி உனக்குத்தான்," என்றார். அந்தப் பக்கம் கோழிகள் சந்தோஷமாகக் கத்துவது கேட்டது.

"நாளைக்குக் காலையில கெளம்பிடலாம் அருணா. நீ ஜெயிச்சிட்ட."

ஜெயித்தவள் முகம் வாடிப்போனது. அவள் கண்கூடக் கலங்கியதைப் பார்த்தார்.

"அதுக்குள்ளயா? இன்னும் ஒரே ஒரு பலகை போட்டுப் பாக்கலாங்க. அதுக்கு மேல நான் கேக்கவே மாட்டேன்."

விஜயராஜ் அவளையே பார்த்தார். ஆரம்பத்தில் கோழிக்குக் கொடு என்றவள், இன்று அவர் கனவை அவரைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெயில் மின்விசிறியைச் சுற்றியது என்ன அதிசயம்? இதுவல்லவா அதிசயம்! இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காசிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கூடத் தோன்றியது.

இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று மறுநாள் காலையில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். காலைப் பேருந்து போய்விட்டிருந்தது. வெயில் பாறைமேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகப் போனவர், கண்ணாடி வழியாகப் பார்த்துத் திகைத்தார். முனியம்மா முன்னால் வர, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலையில் கூடையும் இடுப்பில் முறமுமாக வரிசை கட்டி வந்துகொண்டிருந்தார்கள்.

வழியனுப்ப வருகிறார்கள்! எத்தனை சீர்வரிசை! விஜயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, கைகூப்பினார்.

"எதுக்கும்மா இவ்ளோ? வண்டிக்குள்ள வைக்க எடமில்லையே."

பின்னால் அருணா அவசர அவசரமாக முனியம்மாவுக்குக் கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினாள். முனியம்மா அதைக் கவனிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, விஜயராஜை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இன்னா சார், நீங்க இன்னும் பஸ்ஸுக்குப் போவலையா? வெயில் ஏறுது, சீக்கிரம் கெளம்புங்க, நீங்க அந்தாண்ட போனாத்தான அக்கா ஏணியில ஏறி அவங்க மோர்மிளகாயும் எங்க புளியும் அந்தப் பலகைங்க மேல காயப் போடுவாங்க!"