முழங்கால் அளவுத் தண்ணீர்

தண்ணீர் இல்லை என்று நிரூபிக்கப் போகிறவர்கள் நாள் குறிக்கும்போது கொஞ்சம் யோசித்துக் குறிக்க வேண்டும். நானும் யோசித்தேன். கிரிவலக் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பௌர்ணமி இல்லாத நாளாகத் தேடித் தேடிக் குறித்தேன். அது ஐப்பசி மாதம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

அப்போது நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் உதவிப் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்த புதிது. (உலகமே என் கையெழுத்துக்காகக் காத்திருப்பதாக நினைப்பு.) ஆற்றில் தண்ணீர் வரும்போது எடுத்துத் தேக்கிவைக்க எங்களுக்கு இடமில்லை. கோடை வந்தால் ஊர்க் குழாய்களில் காற்றுதான் வரும். அதனால் ஊருக்கு வெளியே இருந்த பெரிய பொட்டல் நிலத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டத் திட்டம் போட்டோம். செலவில் ஒரு பங்கை அரசு தரும், மீதிக்குக் கடன்தான். கடன் தரும் நிறுவனத்திலிருந்து வசந்தா மேடம் இடத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் அந்த ஊர்ப் பெண்கள் இன்னொரு கோடையும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான்.

அவர் வந்து லாட்ஜில் தங்கிய இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஊரே மழை வேண்டிக் கும்பிடும் அண்ணாமலையாரிடம், “நிறுத்துப்பா!” என்று மன்றாடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காலையில் போய் இறங்கினோம். பொட்டலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். நடுவில் இரண்டு கொக்குகள் வேறு.

வசந்தா மேடம் என்னைப் பார்த்தார். “தண்ணியே இல்லாத ஊருன்னு எழுதியிருந்தீங்களே?”

“இது சும்மா மேலாக்க நிக்கிற தண்ணி மேடம். ரொம்பக் கம்மி.”

“பாத்தா அப்பிடித் தெரியலையே. இங்க ஏற்கெனவே ஒரு ஏரி இருக்குற மாதிரிதான் இருக்கு.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கஞ்சி போட்ட புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரைபடத்தைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கினேன்.

“வேணாம் மேடம், வழுக்கும்!” என்று ஊராட்சித் தலைவர் அமுதாம்மா கத்தினார்.

“ஒண்ணும் ஆவாதும்மா. பாருங்க, முழங்கால் அளவுதான்! இந்தக் கோடி போனாலும் முழங்கால்தான், அந்தக் கோடி போனாலும்—”

அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை.

மண் பரிசோதனைக்காக அந்த நிலத்தில் குழிகள் வெட்டியிருந்தோம். வெட்டச் சொன்னதே நான்தான். எங்கெங்கே என்பதுதான் அன்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியவில்லை. நான் முழுதாக உள்ளே போய்விட, வரைபடம் பிடித்த கை மட்டும் வெளியே நின்றதாகப் பின்னால் சொன்னார்கள்.

“அய்யய்யோ, மேடம் முங்கிட்டாங்க!”

அமுதாம்மா ஓடிவந்து குடைக் கம்பை நீட்ட, வசந்தா மேடம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாகக் கரையேறினேன். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. இருமி முடித்ததும் முதல் வேலையாக விளக்கம் சொன்னேன்.

“அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி மேடம்.”

வசந்தா மேடம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அமுதாம்மா வீட்டில் அவருடைய கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். (ரவிக்கைக்குள் இன்னொரு பொறியாளருக்கும் இடம் இருந்தது.) கொண்டுபோன காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. வேறு வழியில்லாமல், காபி டம்ளரைப் பிடித்தபடி வாயால் சொன்னேன்.

“மேடம், இவ்ளோ தண்ணி வருது. ஆனா நிக்க எடமில்ல. ஓடிப் போயிடும். சித்திரையில இதே வாசல்ல குடத்தோட சண்ட நடக்கும். நான் பொய் சொல்றேன்னு தோணுச்சுன்னா மழ விட்டதும் மறுபடி வந்து பாருங்க.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். கடனும் போச்சு, வேலையும் போச்சு என்று வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தை பிறந்ததும் முன்னறிவிப்பில்லாமல் அவரே வந்து நின்றார். பொட்டல் பழையபடி பொட்டலாகக் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். அடியில் காய்ந்து வெடித்த சேற்றில் என் ஒற்றைச் செருப்பு.

“இங்கதானே முங்குனீங்க?”

“ஆமா மேடம்.”

“அவ்ளோ தண்ணியும் எங்க போச்சு?”

“ஓடிப் போச்சு மேடம். வருஷா வருஷம் இப்பிடித்தான்.”

அவர் அந்தச் செருப்பை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் கடன் கிடைத்தது.

இப்போது அங்கே நீர்த்தேக்கம் இருக்கிறது. போன சித்திரையிலும் குழாயில் தண்ணீர் வந்தது. கிரிவலத்துக்கு வரும் உறவினர்களை மறுநாள் காலை அங்கே கூட்டிப்போவது என் கணவரின் வழக்கம். அண்ணாமலையாரைத் தரிசித்ததைவிட அங்கே கூடுதல் ஆர்வத்தோடு எட்டிப் பார்ப்பார்கள். போன மாதம் என் நாத்தனார் கரையில் நின்று, “எந்த எடம் அண்ணி?” என்று கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

“அங்க இல்லம்மா,” என்றார் என் கணவர், “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.”

நான் முங்கிய அன்று அவர் வேலூரில் இருந்தார்.