மாரா மரத்தடி டிக்கட்

“ஐந்நூறா! எதுக்குப் புள்ள ஐந்நூறு? காக்கா எச்சத்துக்கா?”

டிக்கட் கவுண்டரின் சின்னத் துவாரத்துக்குள் அழகமுத்து முகத்தை நுழைக்கப் பார்த்தார். மூக்கு மட்டும்தான் போனது. உள்ளே இருந்த நிஷாந்தினி கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“மாரா மரத்தடிக்கு மட்டும்தான் ஐந்நூறு மாமா. மத்த பக்கமெல்லாம் பழையபடி நூறு. கூரை போட்ட பக்கம்கூட எரநூறுதான்.”

கேட்டீர்களா அநியாயத்தை? கூரைக்குக் கீழே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்க இருநூறு. மகாவலி ஆற்றோரம், உடைந்த சிமெந்துப் படியில், தலைக்கு மேல் காகமும் காலுக்குக் கீழ் கட்டெறும்புமாக உட்கார்ந்து பார்க்க ஐந்நூறு. இந்த உலகத்தில் எந்த மடையனாவது இப்படி விலை வைப்பானா?

கட்டுகஸ்தோட்டை ரிவர்பேங்க் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அந்த மரத்தடியில் ஒரு கூட்டம் உண்டு. டயர் ஒட்டும் கடை வைத்திருக்கும் அழகமுத்து, மார்க்கட்டில் மரக்கறி மூட்டை இறக்கும் வீரையா, இன்னும் ஒரு பத்துப் பேர். கழகம் ஒன்பது கோல் வாங்கிய நாளில் கமிட்டிக்காரர்களே இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் கடைசி விசில் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டிருந்து, ஏசிவிட்டுத்தான் போனார்கள். ஏசுவது என்றால் அழகமுத்துதான். மற்றவர்கள் “அப்படிச் சொல்லு!” என்பார்கள்.

“டேய், நீ புல்பேக்கா, பஸ் ஸ்டாண்ட் தூணா? தூணாச்சும் ஒரு ஆள மறைக்கும்டா!”

“ரெபரி! விசில ஊதச் சொன்னா சூடு ஆத்துறியே, அது என்னா தேத்தண்ணியா?”

இப்படி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

இந்த வருடம்தான் கழகம் அதிசயமாக ஜெயிக்க ஆரம்பித்திருக்கிறது. மேல் பிரிவுக்கு ஏற இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஐந்நூறு.

“நூறு ரூவாப் பக்கம் ஒக்காருங்களேன் மாமா.”

“நான் ஏன் போகணும்? தோக்குறப்ப எல்லாம் அந்தப் படியில நாங்க! ஜெயிக்கிறப்ப மட்டும் வேற ஆளா?”

“மாமா, விசயம் என்னன்னா—”

“ஒரு விசயமும் எனக்கு வேணாம்!”

அழகமுத்துவின் குணமே இதுதான். கேள்வி கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார். பதில் வந்து சேர்வதற்குள் அடுத்த கோபம் வந்துவிடும்.

வரிசையைத் திரும்பிப் பார்த்தார். வீரையாவும் மற்றவர்களும் நூறு ரூபாய்த் தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அவர்களைத் தாண்டி, வெள்ளைச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியுமாக யாரோ ஊர் பேர் தெரியாத இளசுகள் ஐந்நூறு ஐந்நூறாக நீட்டி டிக்கட் வாங்கின. ஒருவன் அழகமுத்துவைப் பார்த்துப் பல்லை வேறு காட்டினான். அழகமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

“இந்த வெலையக் கொறைக்கிற வரைக்கும் இந்தக் கேட்டுக்குள்ள காலு வச்சேன்னா என்னைய நாயின்னு கூப்புடுங்க!”

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

சத்தியம் பண்ணுவது சுலபம். அடுத்த மேட்ச் அன்றைக்குக் கடையில் இருக்க முடியவில்லை. ஆட்டோக்காரன் ஒருவனின் பின் டயருக்குப் பதிலாக முன் டயரைக் கழற்றினார். கடைசியில் கடையைச் சாத்திவிட்டு அபீபா வீட்டுக்கு ஓடினார். மரத்தடிக்கு நேர் பின்னால், மதிலை ஒட்டினாற்போல் மாடி வைத்த வீடு அது. அபீபா அங்கே தையல் வேலை செய்கிறாள்.

“கேட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மாடியில வைக்க மாட்டேன்னு சொல்லல,” என்றார்.

“மேல சும்மாதானே ஈக்கிது அண்ணன். ஏறிப் பாருங்க.”

மாடியில் நின்று பார்த்தால் மைதானம் உள்ளங்கை மாதிரி தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் அழகமுத்துவின் தொண்டை திறந்துகொண்டது.

“லைன்ஸ்மன்! கொடிய ஏன்டா கக்கத்துல சொருகி வச்சிருக்க? காய்ச்சல் பாக்குறியா?”

கீழே மரத்தடியில் இருந்த வெள்ளைச் சப்பாத்துகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, போனைத் தூக்கிக்கொண்டு, மாடியை அண்ணாந்து பார்த்தன.

“என்னைய என்னாடா பாக்குறீங்க? அங்க கோர்னர் அடிக்கிறான், அதப் பாருங்கடா!”

சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. அழகமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. ஐந்நூறு கட்டி வந்துவிட்டு ஏழையைப் பார்த்துச் சிரிக்கிறான்களே, பந்துக்கு எது முன்பக்கம் என்று தெரியாத பரதேசிகள்! அந்த ஆத்திரத்தில் இன்னும் நன்றாக ஏசினார்.

அடுத்த வாரம் போனால், அபீபாவின் படிக்கட்டில் விலை எழுதிய ஒரு மட்டை தொங்கியது. ‘மாடி: தேத்தண்ணி, பட்டிஸோடு முந்நூறு.’ படியெல்லாம் ஆட்கள்.

“அபீபா, நீயுமா?”

“அல்லாவே, உங்கக்கிட்ட காசு எடுப்பனா அண்ணன்? நீங்க சும்மா வாங்க. நீங்க வராட்டி—”

“எனக்குப் பிச்சை போடுறியா?”

“அது இல்ல, விசயம் என்னண்டா—”

அழகமுத்து அதற்குள் தெருவுக்கே வந்துவிட்டார். அங்கே வீரையா கழகத்தின் அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

“முத்து, மரத்தடி எழுநூத்தம்பதாம்!”

“என்னாது!”

“அது மட்டுமில்ல. எம் மகன் போன்ல ஒன்னைய என்னமோ—”

“போனு கெடக்கட்டும்யா! இனி சும்மா இருந்தா நம்மளக் கழுதைன்னு நெனச்சிருவானுங்க. போராட்டம்!”

போராட்டத்துக்கு ஒரு பலகை வேண்டும். கடையில் பலகை இல்லை, டயர்தான் இருந்தது. ஒரு பழைய லொறி டயரைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் எழுதினார்: ‘தோக்கும்போது நாங்க, ஜெயிக்கும்போது யாரு?’ அதை உருட்டிக்கொண்டு போய் மரத்தடிக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. டயர் நின்றால் ‘தோக்கும்போது நாங்க’ மட்டும் தெரிந்தது. மிச்சத்தை வாசிக்க வேண்டுமானால் உருட்ட வேண்டும். எனவே அங்கும் இங்கும் உருட்டிக்கொண்டே கத்தினார்.

“உள்ள போகாதீங்க! ஒம்பது கோல் வாங்குனப்ப எங்கடா இருந்தீங்க? மழையில ஒரே படங்கப் பத்துப் பேரு போத்திக்கிட்டு நின்னோமே, அதுக்கு என்னா வெலை? சொல்லுங்கடா!”

கூட்டம் கூடியது. நூறு பேர், இருநூறு பேர் என்று கூடியது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். ஒரு பெண் டயரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். அழகமுத்துவின் நெஞ்சு விம்மியது. ஊரே நம் பக்கம்!

மேட்ச் தொடங்க விசில் கேட்டது. ஊரே அவரைத் தாண்டிப் போய் எழுநூற்றைம்பது கட்டி மரத்தடிக்குள் போய் உட்கார்ந்தது. வெளியே அழகமுத்து, வீரையா, டயர்.

“துரோகிங்க!” என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒன்றரை மணி நேரம் கத்தினார். அவர் கத்தக் கத்த அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கூடியது.

மறுநாள் காலையில் கழகத்தின் அறிவித்தல் பலகையில் புதிதாக எழுதியிருந்தார்கள். கடைசி மேட்ச், ஜெயித்தால் மேல் பிரிவு. மரத்தடி ஆயிரம்.

அன்று பின்னேரம் கழகத் தலைவர் நவரட்ணராஜாவே டயர் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், சட்டை கசங்காத மனிதர். கையில் ஓர் அட்டை வைத்திருந்தார்.

“அழகமுத்து, இது உமக்கு இலவச பாஸ். நீர் உள்ளுக்கு வந்து உம்மட இடத்தில இரும். காசு தேவையில்ல.”

“வீரையாவுக்கு?”

“அது... ஏலாது. உமக்கு மட்டும்தான்.”

“மத்த பத்துப் பேருக்கு?”

“கொஞ்சம் கேளுமன். நான் சொல்ல வாறது என்னெண்டால்—”

“நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்!” அழகமுத்து டயர் நெம்பும் கம்பியைக் கீழே போட்டார். “என் ஒருத்தன் வாயை மூடுறதுக்கு லஞ்சமா? எங்க ஆளுங்கள வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள போயி ஒக்காரணுமா? ஐந்நூறு! எழுநூத்தம்பது! இப்ப ஆயிர—”

‘ம்’ வரவில்லை. தொண்டையில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தார், ஓட்டை டியூப்பில் காற்றுப் போவதுபோல் ‘உஸ்’ என்று வந்தது.

நவரட்ணராஜாவின் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, உம்மட தொண்டை! கதையாதயும், இனி ஒண்டும் கதையாதயும்! நான் தேனும் இஞ்சியும் அனுப்புறன்!”

செய்வதையும் செய்துவிட்டு நடிப்பைப் பார் என்று அழகமுத்து நினைத்தார். சொல்லத்தான் முடியவில்லை. பாஸை வாங்கி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார்.

தேன் வந்தது, இஞ்சி வந்தது. குரல் மட்டும் வரவில்லை.

கடைசி மேட்ச் அன்று கேட்டுக்கு வெளியே மரத்தடிக்காரர்கள் கூடியிருந்தார்கள். வீரையா கசங்கிய ரூபாய்த்தாள் கட்டு ஒன்றை அழகமுத்துவின் கையில் திணித்தார். பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஆயிரம் ரூபாய் இருந்தது.

“எல்லாரும் சேந்து போட்டோம். நம்மள்ல ஒருத்தனாவது அந்தப் படியில இருக்கணும் முத்து. கோல் விழுந்தா நீ பாத்துட்டு எங்களுக்குச் சொல்லு. நாயின்னு யாரும் கூப்புட மாட்டோம், போ.”

அழகமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கவுண்டரில் காசை நீட்டினார்.

“மாமா, ஒங்களுக்கு எதுக்கு டிக்கட்டு? தலைவரு—”

காசை உள்ளே தள்ளிவிட்டு டிக்கட்டை இழுத்துக்கொண்டு போனார். ஓசியில் நுழைந்தான் என்று ஒரு பயல் சொல்லக்கூடாது.

அவருடைய படி காலியாகவே இருந்தது. சுற்றி முழுக்க வெள்ளைச் சப்பாத்து. அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் அடங்கிப் போனார்கள். போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின.

ஆட்டம் தொடங்கியது. ரெபரி ஒரு பச்சை அநியாயத்துக்கு ஓப்சைட் கொடுத்தான். அழகமுத்து எழுந்தார். வாயைத் திறந்தார். உஸ்.

“அங்கிள், இன்னும் ஸ்டார்ட் பண்ணலயா?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எதை? அழகமுத்து அவனை முறைத்தார். இடைவேளை போனது. சுற்றி முணுமுணுப்பு கூடியது. “கொழும்புல இருந்து வந்தோம்,” “ஏமாத்து வேலை” என்று காதில் விழுந்தது. ஆட்டம் நன்றாகத்தானே போகிறது, இவனுகளுக்கு என்ன கேடு?

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கழகத்தின் கோல்கீப்பர் அஹ்னாப் உதைத்த பந்து நடு மைதானத்தைத் தாண்டி விழுந்தது. நம் பையன் மார்பில் வாங்கினான், திரும்பினான், அடித்தான். கோல்!

எதிர்ப்பக்கம் அதிர்ந்தது. மரத்தடியில் அந்தக் கோலைப் பார்த்த ஒரே ஆள் அழகமுத்துதான். மற்ற எல்லாரும் போனை அவர் மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மதிலுக்கு வெளியே வீரையாவின் குரல் கேட்டது.

“முத்து! கோலா? யாருக்குய்யா? நமக்கா, அவனுக்கா? சொல்லுய்யா!”

அழகமுத்து வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் இல்லை. படியேறி ஓடி, மரத்தைப் பிடித்து மதில்மேல் தொற்றிக்கொண்டு, நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்துக் காட்டினார். நமக்கு! நமக்குத்தான்யா! கீழே எல்லாரும் தெருவில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அத்தனை வருடம் தோல்வியைப் பார்த்தவர்கள் ஜெயித்ததைப் பார்க்கவில்லை. அழகமுத்து மதில்மேல் இருந்தபடியே அழுதார்.

கடைசி விசில் ஊதியது. இறங்கிப் பார்த்தால் மரத்தடியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் டிக்கட் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டு சண்டை பிடித்தார்கள். நவரட்ணராஜா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நிஷாந்தினி ஆளுக்குத் தொள்ளாயிரமாக எண்ணித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கழகம் ஜெயித்திருக்கிறது, மேல் பிரிவுக்கு ஏறியிருக்கிறது. எதற்குக் காசைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்? அழகமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தத் துவாரத்தில் மூக்கை வைத்தார்.

“ஏன் புள்ள?” என்றார். காற்றுதான் வந்தது. அதற்கு மேல் பேச முடியாததால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார்.

நிஷாந்தினி எரிச்சலோடு நிமிர்ந்து, அவருக்கும் ஒரு தொள்ளாயிரத்தை எண்ணித் தள்ளினாள்.

“மேட்சுக்கு இப்பவும் நூறு ரூவாதான் மாமா. மிச்சமெல்லாம் நீங்க ஏசுறதக் கேக்க வாங்குன காசு.”